ஓட்டு அதிகம், ஆட்சி இல்லை: 2013 மலேசியத் தேர்தலுக்குப் பிறகு தெருவில் நின்றவர்கள் எதைப் பெற்றார்கள்?

கேள்வி இதுதான்: 2013 பொதுத்தேர்தலில் மலேசிய எதிர்க்கட்சிகள் பாதிக்கு மேல் வாக்கு வாங்கின. ஆனாலும் ஆட்சி பழைய கூட்டணியிடமே இருந்தது. முறைகேடு நடந்தது என்று சொல்லிக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டம் நடத்தினார்கள். பிரதமர் விலகவில்லை, மறுதேர்தலும் வரவில்லை. அப்படியானால் நாடாளுமன்ற முறை உள்ள நாட்டில் இப்படித் தெருவில் இறங்குவதில் என்ன பயன்?

நியாயமான கேள்வி. அந்தக் கூட்டங்களுக்குப் போய் வந்த பலரே இதைக் கேட்டார்கள். நடந்து முடிந்த தேர்தலின் முடிவை மாற்றவேண்டும் என்று தெருவில் இறங்கினால், நாடாளுமன்ற முறையில் அது அநேகமாக நடக்காது. அடுத்த தேர்தல் எந்த விதிப்படி நடக்கவேண்டும் என்பதற்காக இறங்கினால் நடக்க வாய்ப்பு உண்டு; மலேசியாவில் ஓரளவு நடந்தது. ஆனால் அதற்குக் கோரிக்கை குறிப்பாக இருக்கவேண்டும். கூட்டம் கலைந்த பிறகு வந்தவர்களுக்குச் செய்ய வேலையும் இருக்கவேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2013 மே 5 அன்று நடந்த 13-ஆவது பொதுத்தேர்தலில் அன்வார் இப்ராஹிம் தலைமையிலான மக்கள் கூட்டணிக்கு 50.9 விழுக்காடு வாக்கு. பிரதமர் நஜிப் ரசாக்கின் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணிக்கு 47.4. எதிர்க்கட்சிகள் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் முந்தின. ஆனால் 222 இடங்களில் தேசிய முன்னணிக்கு 133, மக்கள் கூட்டணிக்கு 89. தீபகற்பத்தில் மட்டும் எடுத்தால் 85-க்கு 80, கிட்டத்தட்ட சரிசமம். கடலுக்கு அப்பால் போர்னியோ பக்கம் இருக்கும் சபா, சரவாக், லாபுவான் மூன்றிலும் சேர்த்து 57 இடங்களில் 48-ஐத் தேசிய முன்னணி அள்ளியது. வித்தியாசம் அங்கேதான் விழுந்தது.

நாடாளுமன்ற முறையில் நாடு தழுவிய ஒரே தேர்தல் என்று எதுவும் கிடையாது. ஒரே நாளில் 222 தனித்தனித் தேர்தல்கள் நடக்கின்றன. மொத்த வாக்கு விழுக்காட்டுக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவின்படி, மக்களவையில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதுகிறவரே பிரதமர். மே 6 அன்றே நஜிப் பதவியேற்றுவிட்டார். வாக்கு எண்ணி முடிந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. அதிபர் தேர்தல் நடக்கும் நாட்டில் வெற்றி அறிவிப்புக்கும் பதவியேற்புக்கும் இடையே வாரங்கள் கிடைக்கும், அந்த இடைவெளியில் தெருவால் அழுத்தம் தர முடியும். இங்கே அந்த இடைவெளியே இல்லை. மறு எண்ணிக்கை கேட்பதென்றாலும் தொகுதி தொகுதியாகத்தான் கேட்கவேண்டும்.

அடுத்து, அந்தத் தொகுதிகள் எப்படி வரையப்பட்டிருந்தன என்று பாருங்கள். சிலாங்கூரில் கிள்ளான் பக்கம் இருக்கும் காப்பார் தொகுதியில் அப்போது 1,44,159 வாக்காளர்கள். நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் 15,791. இரண்டுக்கும் ஆளுக்கொரு நாடாளுமன்ற உறுப்பினர்தான். காப்பாரில் ஒன்பது பேருடைய வாக்குக்கு இருந்த எடை புத்ராஜெயாவில் ஒருவருடைய வாக்குக்கு இருந்தது. காப்பார் தொழிற்பேட்டைகளும் பழைய தோட்டங்களும் நிறைந்த பகுதி, நம் மக்கள் கணிசமாக வாழும் தொகுதி. அந்தத் தேர்தலில் எதிர்க்கட்சி சார்பில் ஜி. மணிவண்ணன் வென்ற இடம். 1957 அரசியலமைப்பு, ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்றது. 1962-இல் திருத்தி, கிராமப்புறத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி அளவுக்குக்கூட இருக்கலாம் என்றார்கள். 1973-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். இது எதுவும் இரகசியமாக நடந்த மோசடி இல்லை. நாடாளுமன்றத்திலேயே சட்டமாக நிறைவேறியது.

2013 மே மாதக் கோபத்தில் இரண்டு புகார்கள் ஒன்றாகக் கலந்துபோயின. ஒன்று, வாக்குப்பதிவு நாளில் திருட்டு நடந்தது என்ற புகார். இன்னொன்று, ஆட்டத்தின் விதியே சாய்ந்திருக்கிறது என்ற புகார். இரண்டாவதுக்குச் சான்று தேவையே இல்லை, அரசிதழிலேயே இருக்கிறது. முதலாவதுதான் மக்களைக் கொதிக்க வைத்தது. ஆனால் அதில் எல்லாமே ஒரே தரமான புகார்கள் இல்லை.

மை விஷயம் உண்மை. மலேசியாவில் முதன்முறையாக அழியாத மை பயன்படுத்தப்பட்ட பொதுத்தேர்தல் அது. ஏப்ரல் 30 அன்று படைவீரர்களும் போலீஸ்காரர்களும் முன்கூட்டியே வாக்களித்தார்கள். மை கழுவினால் போகிறது என்ற புகார் அன்றே வந்துவிட்டது. புட்டியைச் சரியாகக் குலுக்கவில்லை என்று தேர்தல் ஆணையம் விளக்கம் சொன்னது. மே 5 அன்று லட்சக்கணக்கானவர்கள் தங்கள் விரலிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சோப்பு, எலுமிச்சை, புல் எனக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்துத் தேய்த்துப் பார்த்துப் படம் போட்டார்கள். ஜூனில் நாடாளுமன்றம் கூடியபோது, அந்த மையில் இருந்தது உணவுக்குப் பயன்படும் சாயம்தான் என்று அமைச்சரே பதில் சொன்னார். தோலில் கறை பிடிக்க வைப்பது சில்வர் நைட்ரேட். அது அதில் இல்லை. இதில் ஒருவர் இரண்டு முறை வாக்களித்தாரா என்பது வேறு கேள்வி. ஆனால் நாட்டுக்குக் கொடுத்த வாக்குறுதி பொய்த்தது என்பதற்கு ஒவ்வொரு வாக்காளரின் விரலும் சாட்சி.

எண்ணும்போது மின்சாரம் போனது, அந்த இருட்டில் பெட்டிகள் வந்து சேர்ந்தன என்று பரவிய கதைகள் வேறு ரகம். சமூக ஊடகத்தில் அவை காட்டுத்தீயாகப் பரவின, நீதிமன்றத்தில் நிற்கும் சான்றாக மாறவில்லை. வங்காளதேசத் தொழிலாளர்களை விமானத்தில் கொண்டுவந்து வாக்களிக்க வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்படித்தான். இதில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு. வெளிநாட்டவர் போலத் தெரிந்தவர்களைச் சில இடங்களில் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள். நிறத்தையும் முகத்தையும் வைத்து ஒருவருடைய குடியுரிமையைச் சந்தேகிப்பது என்ன வேதனை என்று நம் சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பேய் வாக்காளர்கள் இருக்கிறார்கள் என்றால் சண்டை பட்டியலோடுதான், வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளியோடு இல்லை.

சரி, இவ்வளவு புகார் இருந்தால் நீதிமன்றம் போகவேண்டியதுதானே? போனார்கள். முடிவு அரசிதழில் வெளியான 21 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடவேண்டும். அந்த அவகாசத்துக்குள் சாட்சிகளைத் தேடி, படிவங்களைச் சேர்த்து, ஒவ்வொரு தொகுதிக்கும் தனி மனு தயாரிக்கவேண்டும். பல மனுக்கள் விசாரணைக்கே வராமல் தொழில்நுட்பக் காரணங்களால் தள்ளுபடியாயின. செலவுத்தொகை கட்டும்படியும் உத்தரவு வந்தது. தேர்தல் ஆணையத்தின் மீது நம்பிக்கை போய், பெரிய நாளிதழ்களும் தொலைக்காட்சியும் ஆளுங்கட்சிகளின் கையில் இருந்த நேரம். தேர்தலுக்கு இரண்டு நாள் கழித்து ஊத்துசான் மலேசியா நாளேடு ‘சீனர்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?’ என்று முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டது. முடிவு வந்த இரவே ‘சீன சுனாமி’ என்று பிரதமர் சொல்லியிருந்தார். எல்லா இனத்தவரும் போட்ட வாக்கை ஓர் இனத்தின் துரோகமாகக் காட்டும் பேச்சு அது. இதற்கெல்லாம் பதில் சொல்ல எதிர்க்கட்சிக்கு இருந்த ஒரே இடம் திறந்தவெளிதான்.

அந்தத் திறந்தவெளிக்கும் மலேசியாவில் ஒரு நிழல் உண்டு. 1969 மே தேர்தலில் ஆளும் கூட்டணியின் வாக்கு பாதிக்குக் கீழே போனது. கோலாலம்பூரில் எதிர்க்கட்சிகளின் வெற்றி ஊர்வலத்தைத் தொடர்ந்து மே 13 அன்று இனக்கலவரம் மூண்டது. அரசுக் கணக்கிலேயே 196 பேர் செத்தார்கள். நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை முடங்கியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அரசும், தேர்தலுக்குப் பின் தெருவில் இறங்காதே, மே 13 திரும்பி வரும் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு தலைமுறையை வீட்டுக்குள் வைத்திருந்தது. 2013-இலும் வாக்குப்பதிவுக்கு எட்டே நாளில் அந்தத் தேதி வந்தது.

அதனால்தான் முதல் கூட்டத்தைத் தெருவில் வைக்காமல், மே 8 இரவு கெலானா ஜெயா அரங்கத்தில் வைத்தார்கள். பல்லாயிரம் பேர் வந்தார்கள். டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை நெடுக வண்டிகள் நகரவில்லை. காரை ஓரத்தில் விட்டுவிட்டு மக்கள் கிலோமீட்டர் கணக்கில் நடந்து வந்தார்கள். கறுப்புச் சட்டை, ஊதல், மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் கோஷம். அந்த இரவில் எதுவும் எரியவில்லை, யாரையும் யாரும் அடிக்கவில்லை. என் கணக்கில் இதுவே ஒரு பெரிய சாதனை. நாற்பது வருடத்துக்கும் மேல் காட்டிக்கொண்டிருந்த பூச்சாண்டியை அந்தக் கூட்டம் பொய்யாக்கியது. அப்புறம் பினாங்கு, ஈப்போ, ஜொகூர் என்று கூட்டம் பரவியது. ஜூன் 22 அன்று கோலாலம்பூர் பாடாங் மெர்போக்கில் முடிந்தது. ‘கறுப்பு 505’ என்ற பெயர் மே 5-ஐக் குறிப்பது.

ஜூன் 24 அன்று புதிய நாடாளுமன்றம் கூடியது. அப்போது எதிர்க்கட்சிகள் முன் ஓர் இக்கட்டு நின்றது. தேர்தல் மோசடி என்றால் அந்தத் தேர்தலில் ஜெயித்த உறுப்பினராக உறுதிமொழி எடுப்பது எப்படி? பதவியேற்பைப் புறக்கணிக்கலாம் என்ற பேச்சு வலுவாகவே இருந்தது. கடைசியில் போய் உறுதிமொழி எடுத்தார்கள். அன்று பலர் அதைச் சரணடைதல் என்று திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் அவையில் அமராத உறுப்பினரின் இடத்தைக் காலியானதாக அறிவிக்க அரசியலமைப்பு வழி வைத்திருக்கிறது. 89 இடங்களை விட்டுக்கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை ஆளுங்கட்சிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகும். அதோடு, அதே தேர்தலில் அதே ஆணையத்தின் கீழ்தான் சிலாங்கூரில் 56-க்கு 44, பினாங்கில் 40-க்கு 30 என்று எதிர்க்கட்சிகள் மாநில ஆட்சியைத் தக்கவைத்திருந்தன. மைக்கு மட்டும் அல்ல, இந்த வெற்றிகளுக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. தேர்தல் முழுக்கவே பொய் என்ற வாதம் இந்த எண்களின் முன்னால் நிற்காது. தேர்தல் சாய்ந்த தரையில் நடந்தது என்ற வாதம் நிற்கும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 2013 மே மாதம் தனியாக நிற்கவில்லை. அதற்கு முன் பெர்சே இயக்கம் ஆறு ஆண்டு உழைத்திருந்தது. மலாயில் பெர்சே என்றால் தூய்மை. 2007 நவம்பர் 10 அன்று மஞ்சள் சட்டையோடு அரண்மனை நோக்கி நடந்து மாமன்னரிடம் மனு கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து நவம்பர் 25 அன்று, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி. அடுத்த மார்ச்சில் நடந்த பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையையும் மேலும் நான்கு மாநிலங்களையும் இழந்தது. அந்தத் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, வாங்கி வைத்திருந்த மையைப் பயன்படுத்தப்போவதில்லை என்று ஆணையம் கைவிட்டதும் நினைவில் இருக்கவேண்டும்.

2011 ஜூலை 9-இன் பெர்சே 2.0-க்குத் தலைமை தாங்கியவர் அம்பிகா சீனிவாசன், வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவர். அமைப்பையே சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். மஞ்சள் சட்டை போட்டிருந்தாலே பிடித்தார்கள். ஒரே நாளில் 1,667 பேர் கைது. கண்ணீர்ப்புகையும் ரசாயன நீரும் தெருவை நிறைத்தன. ஆனால் அவர்கள் தூக்கிப்பிடித்தவை எட்டே கோரிக்கைகள்: வாக்காளர் பட்டியலைத் தூய்மையாக்கு, தபால் வாக்கு முறையைத் திருத்து, அழியாத மையைக் கொண்டுவா, குறைந்தது 21 நாள் பிரசாரம் வேண்டும், ஊடகம் எல்லாருக்கும் சமமாக இருக்கட்டும், பொது நிறுவனங்களை வலுப்படுத்து, ஊழலை நிறுத்து, அழுக்கு அரசியலை நிறுத்து.

இவற்றில் முதல் நான்கைப் பாருங்கள். எவரும் சரிபார்க்கக்கூடியவை. கொடுத்தாயா இல்லையா என்று ஒரு வரியில் கேட்கலாம். அரசாங்கம் அந்தக் கூட்டத்தை அடித்து விரட்டியது, ஆனால் மூன்று மாதத்தில் தேர்தல் சீர்திருத்தத்துக்கு நாடாளுமன்றத் தேர்வுக்குழு அமைத்தது. அந்தக் குழு 2012 ஏப்ரலில் 22 பரிந்துரைகளைத் தந்தது. வெளிநாட்டில் இருக்கும் மலேசியர்கள் பரவலாகத் தபாலில் வாக்களிக்க முடிந்ததும், மை வந்ததும் இந்த வழியாகத்தான். பட்டியலைச் சுத்தம் செய்யாமல் அவசரமாக முடித்ததால்தான் 2012 ஏப்ரல் 28 அன்று மீண்டும் லட்சம் பேர் அளவில் மக்கள் கோலாலம்பூரின் சுதந்திரச் சதுக்கமான டத்தாரான் மெர்டேக்காவைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள்.

2013-இல் மை பொய்த்தபோது அது ஏன் அவ்வளவு பெரிய விஷயமானது என்பது இங்கே புரியும். அந்த மை தெருவில் அடிவாங்கிப் பெற்ற மை. கோரிக்கை குறிப்பாக இருந்ததால் ஏமாற்றமும் குறிப்பாகத் தெரிந்தது. கறுப்பு 505 கூட்டங்களின் கோஷமோ அப்படி இல்லை. ‘நாங்கள்தான் ஜெயித்தோம்’ என்று மேடையில் சொன்னதற்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. ‘தேர்தல் ஆணையம் பதவி விலகட்டும்’ என்றது நல்ல கோரிக்கை, ஆனால் அதை நிறைவேற்ற வைக்கும் பலம் கூட்டத்திடம் இல்லை. அது நடக்க ஆட்சி மாறவேண்டியிருந்தது. ஆணையத்தில் எஞ்சியிருந்த ஆறு உறுப்பினர்களும் 2019 ஜனவரி 1-இலிருந்து விலகினார்கள்.

கறுப்பு 505 கூட்டங்கள் யாரும் எதிர்பார்க்காத ஓர் இடத்தில் பலன் கொடுத்தன: நீதிமன்றத்தில். 2012-இல் நடைமுறைக்கு வந்த அமைதிப் பேரணிச் சட்டம், கூட்டம் போடுகிறவர் பத்து நாளுக்கு முன் போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. தவறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம். மே 5 முடிவுக்கு எதிராக மே 8 அன்று கூடுகிறவர்கள் பத்து நாள் முன்பே எப்படித் தெரிவிப்பார்கள்? கெலானா ஜெயா கூட்டத்துக்காகச் சிலாங்கூர் சட்டமன்ற உறுப்பினர் நிக் நஸ்மி மீது வழக்குப் போட்டார்கள். 2,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ அபராதம் விழுந்தால் மக்கள் பிரதிநிதி பதவியை இழப்பார். அதனால் இது வெறும் அபராத வழக்கு இல்லை, வாக்காளர் கொடுத்த பதவியைப் பறிக்கக்கூடிய வழக்கு.

2014 ஏப்ரல் 25 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கூட்டம் அமைதியாக நடந்திருக்க, அறிவிப்புத் தரவில்லை என்பதை மட்டும் குற்றமாக்கித் தண்டிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள் மூன்று நீதிபதிகள். ஆனால் ஜொகூர் கூட்டத்துக்காக 6,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்ட ஆர். யுனேஸ்வரனின் வழக்கு 2015 அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் வேறு அமர்வுக்கு வந்தபோது, தண்டிப்பது செல்லும் என்று நேர்மாறாகச் சொல்லிவிட்டார்கள். ஒரே மாதம் நடந்த ஒரே வகைக் கூட்டம், ஒருவர் விடுதலை, ஒருவருக்குத் தண்டனை. அந்தத் தம்பிக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்த முரண்பாடு பத்தாண்டு இழுத்தது. 2018 தேர்தலில் வென்று வந்த புதிய அரசு 2019-இல் அறிவிப்புக் காலத்தைப் பத்து நாளிலிருந்து ஐந்தாகக் குறைத்தது, தெருவில் நடந்து போகும் பேரணிக்கு இருந்த தடையை நீக்கியது. அந்தத் திருத்தம் நிறைவேறியபோது மக்களவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் முகமது அரிஃப். 2014-இல் நிக் நஸ்மி வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர். பிறகு 2025 ஜூலை 1 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், அமீர் ஹரிரி என்ற செயற்பாட்டாளரின் வழக்கில், அறிவிப்புத் தராததைக் குற்றமாக்கும் அந்த உட்பிரிவு செல்லாது என்று ஒருமனதாக அறிவித்தது. கெலானா ஜெயா அரங்கத்தில் தொடங்கிய கேள்விக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த விடை அது. பத்தாவது பிரிவில் ‘ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை’ என்று எழுதியிருந்தது சொல்லளவில் நிற்காமல் உயிர்பெற்றதற்கு, அன்று வழக்கை ஏற்றுக்கொண்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. தெருவில் நின்றவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த தேர்தலுக்குள் வாக்கெண்ணும் முகவர்களாக மாறினார்கள். ‘பாக்காபா’ பயிற்சி என்று மலேசியாவில் சொல்வார்கள்: வாக்குச்சாவடி முகவர், எண்ணும் முகவர், சாவடிக்கு வெளியே மேசை போட்டு உட்காரும் முகவர், மூவருக்கும் சேர்த்து. கட்சிகளும் தன்னார்வக் குழுக்களும் வார இறுதிகளில் மண்டபங்களில் இதை நடத்தின. நானும் 2018-இல் ஒரு பள்ளி வகுப்பறையில் எண்ணும் முகவராக உட்கார்ந்தேன்.

மலேசியாவில் ஒவ்வொரு வகுப்பறையும் ஒரு ‘சாலுரான்’. வாக்காளர்களை வயது வாரியாகப் பிரித்திருப்பார்கள். முதல் சாலுரானில் முதியவர்கள், கடைசியில் இளையவர்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் அதே அறையில், அதே பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள். சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள், அவர்கள் உட்காரும் குட்டை நாற்காலிகளில் நாங்கள். அதிகாரி ஒவ்வொரு வாக்குச்சீட்டையும் விரித்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். தராசுச் சின்னமா, கண் சின்னமா, நிலாவா என்று நாங்கள் தனித்தனியாகக் கோடு போட்டுக்கொண்டே வருவோம். குறி கட்டத்துக்கு வெளியே போயிருந்தால் வாக்குவாதம். பெட்டியில் இருந்த சீட்டு, கொடுக்கப்பட்ட சீட்டு, செல்லாத சீட்டு எல்லாவற்றின் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும். கடைசியில் ‘போராங் 14’ என்ற படிவத்தில் எண்களை எழுதி அதிகாரி கையெழுத்துப் போடுவார், முகவர்களும் போடுவார்கள். ஒரு பிரதி முகவருக்கு. அதை வாங்காமல் அறையைவிட்டு வெளியேறாதே என்பதுதான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம்.

ஏன் அந்த ஒரு தாளுக்கு இவ்வளவு மதிப்பு? எல்லா சாலுரானின் போராங் 14-உம் கையில் இருந்தால், தொகுதியின் மொத்தக் கணக்கை ஆணையம் அறிவிக்கும் முன்பே கூட்டிவிடலாம். நடுவில் எண் மாறினால் எந்த அறையில் மாறியது என்று விரல் வைத்துக் காட்டலாம். 2013-இல் இருட்டுக் கதைகள் பரவியதற்கு ஒரு காரணம், பல அறைகளில் பயிற்சி பெற்ற முகவர்களே இல்லாததுதான் என்று அந்த வேலையைச் செய்த பிறகு எனக்குத் தோன்றியது. அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வதந்திதான் பேசும். 2018 மே 9 அன்றும் கையெழுத்துப் போட அதிகாரிகள் தயங்கினார்கள் என்று பல இடங்களிலிருந்து புகார் வந்தது. ஆனால் அந்த இரவு தாள்கள் முகவர்களின் கைக்கு வந்தன, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போயின, எதிர்க்கட்சியின் கணக்கு அறிவிப்புக்கு முன்பே ஓடியது. தேசிய முன்னணி 79 இடங்களில் நின்றுவிட்டது. நாடு விடுதலை பெற்றதிலிருந்து தொடர்ந்த ஆட்சி மே 10 அன்று வாக்குச்சீட்டால் மாறியது. அதற்கு அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி-யில் நடந்த ஊழல், முன்னாள் பிரதமர் மகாதீர் எதிரணிக்கு வந்தது என்று பெரிய காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் மக்கள் கோபம் எண்ணிக்கையாகப் பதிவாக, அறைக்குள் ஆள் இருக்கவேண்டும்.

தெரு எப்போதுமே இப்படி முடிவதில்லை. பாகிஸ்தானில் 1977 மார்ச் 7 தேர்தலில் பிரதமர் புட்டோவின் கட்சி 200-இல் 155 இடங்களை எடுத்தபோது, எதிர்க்கட்சிக் கூட்டணி மாகாணத் தேர்தலைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கியது. நூற்றுக்கணக்கில் உயிர்ச்சேதம், நகரங்களில் இராணுவச் சட்டம், கடைசியில் பேச்சுவார்த்தை. மறுதேர்தலுக்கு இரு தரப்பும் ஏறக்குறைய ஒத்துவந்த நேரத்தில் ஜூலை 5 அன்று ஜெனரல் ஜியா ஆட்சியைப் பிடித்தார். வாக்கு நியாயத்துக்காகத் தொடங்கியது பதினோரு ஆண்டு வாக்கே மதிப்பில்லாத காலத்தில் போய் முடிந்தது. வங்காளதேசத்தில் 1996 பிப்ரவரித் தேர்தலை எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. தொடர் முழு அடைப்பில் நாடு ஸ்தம்பித்தது. கட்சி சாராத இடைக்கால அரசின் கீழ் தேர்தல் நடத்தும் காபந்து அரசு முறையை மார்ச்சிலேயே அரசியலமைப்பில் சேர்க்க வைத்தார்கள், ஜூனில் புதிய தேர்தல் நடந்தது. அங்கே தெரு ஒரு விதியைக் கேட்டது, பெற்றது. அந்த விதி 2011-இல் நீக்கப்பட்டதும் 2014 தேர்தலில் 300-இல் 153 இடங்கள் போட்டியின்றியே நிரம்பின. பெற்ற விதியைக் காவல் காக்க ஆள் இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.

மலேசியாவில் இன்னும் தொடப்படாமல் கிடப்பது தொகுதி அளவுதான். 2022 தேர்தலில் பாங்கி தொகுதியில் 3,03,430 வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 28,290. காப்பார் காலத்து வித்தியாசத்தைவிட இது கூடுதல். வாக்குரிமை வயதை 18 ஆக்கித் தானியங்கிப் பதிவும் வந்ததில் நகரத் தொகுதிகள் இன்னும் வீங்கிவிட்டன. இதற்குப் பெரிய கூட்டம் கூடாது என்பது எனக்குத் தெரியும். மையைப் போல இது விரலில் தெரிவதில்லை, எந்த மேடைப் பேச்சாளருக்கும் இதை வைத்துக் கைதட்டல் வாங்குவது கடினம்.

தீபகற்பத்தில் தொகுதி எல்லைகளின் கடைசி மறுவரையறை 2018 மார்ச்சில் நிறைவேறியது. குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதால் 2026-இலிருந்து அடுத்ததைத் தொடங்கலாம். ஆணையம் பரிந்துரையை வெளியிட்டதும் ஒரு மாத அவகாசம் தரவேண்டும். அதற்குள் அந்தத் தொகுதி வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தால் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆகவேண்டும். போனமுறை பெர்சே ஆட்கள் தொகுதி தொகுதியாகப் போய் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், சிலாங்கூர் அரசு நீதிமன்றம் வரை போனது. நீங்கள் மலேசிய வாக்காளர் என்றால், இப்போதே உங்கள் தொகுதியின் எல்லையும் வாக்காளர் எண்ணிக்கையும் பக்கத்துத் தொகுதியோடு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் நூறு பேரின் பட்டியலை அறிவிப்பு வருவதற்கு முன்பே சேர்த்து வையுங்கள். ஒரு மாதம் மிகக் குறுகிய காலம்.